இதயம் நின்றவருக்கு முதல் பத்து நிமிடம்: சிபிஆர், ஏ.இ.டி. பற்றிப் புதியவர்களுக்கு

கல்யாண மண்டபமோ, பேருந்து நிலையமோ, ரேஷன் கடை வரிசையோ, ஒருவர் திடீரென்று சுருண்டு விழுந்தால் நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார், இன்னொருவர் சோடா வாங்க ஓடுவார். கை கால் கொஞ்சம் வெட்டி இழுத்தால் "வலிப்பு, வலிப்பு" என்று யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். அப்புறம் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைப்பார்கள். எல்லாம் நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் விழுந்தவரின் இதயம் நின்றுபோயிருந்தால், இவற்றில் ஒன்றுகூட அவருக்கு உதவாது. அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நிமிடங்கள் இதிலேயே கரைந்துவிடும்.

இதயம் நின்றவருக்கு விழுந்த இடத்திலேயே இரண்டு உதவி கிடைக்க வேண்டும். முதலாவது, மார்பை விடாமல் அழுத்தும் கைகள். சிபிஆர் என்பது அதுதான். இரண்டாவது, தேவைப்பட்டால் மின்னதிர்ச்சி கொடுக்கும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர். அதைத்தான் ஏ.இ.டி. என்கிறார்கள். இரண்டும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். 108 வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும் சாயங்கால நெரிசலில் கிண்டியையோ காந்திபுரத்தையோ தாண்டித்தான் வர வேண்டும். அதுவரை அவர் உயிர் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது. மருத்துவம் படிக்காத யாரும் இதைச் செய்யலாம். உங்களைப் போன்றவர்கள் செய்வதற்காகவே இந்த முறையை இவ்வளவு எளிமையாக வகுத்திருக்கிறார்கள்.

மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் அது மாரடைப்பு. நெஞ்சை அழுத்துவது போல வலிக்கும், வியர்த்துக் கொட்டும், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவும். சிலர் வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமம் தின்றுகொண்டிருப்பார்கள். ஆனால் அவர் விழித்திருப்பார், பேசுவார். அப்படிப்பட்டவரின் மார்பை அழுத்தக் கூடாது. நடக்க விடாமல் உட்கார வைத்து உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இதயம் நிற்பது இதைவிட அவசரமானது. மாரடைப்பால் நிற்கலாம், மின்சாரம் தாக்கி நிற்கலாம், தண்ணீரில் மூழ்கி நிற்கலாம், முன்னறிகுறி எதுவும் இல்லாமலும் நிற்கலாம். பெரியவர்கள் திடீரென்று விழும்போது பல நேரங்களில் இதயம் உடனே அசைவற்றுப் போவதில்லை. அதன் தசைநார்கள் ஒழுங்கு தப்பித் தனித்தனியாகத் துடிக்கும். மேளக் கச்சேரியில் ஆளுக்கொரு தாளம் போட்டால் எப்படியிருக்கும், அந்த நிலை. சத்தம் இருக்கும், பாட்டு இருக்காது. துடிப்பு இருந்தும் ரத்தம் ஓடாது. மின்னதிர்ச்சி அந்தக் குழப்பம் முழுவதையும் ஒரு கணம் அடக்குகிறது. அடங்கிய பிறகு இதயத்தின் இயல்பான தாளம் மறுபடி தொடங்க வழி பிறக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள், பிழைத்துக்கொள்வீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் பல வருடங்களாக ஒரு செய்தி சுற்றுகிறது. அது பொய். இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் 108ஐக் கூப்பிட்டு, வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள்.

முதல் பத்து விநாடி

என் பார்வையில் சிபிஆரில் மிகக் கடினமான இடம் இதுதான். அழுத்துவதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். "இவருக்கு இப்போது தேவை" என்று புரிந்துகொள்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

கிட்டே போகுமுன் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். பம்ப்செட் அறையில் விழுந்து கிடக்கிறார், மழையில் அறுந்த கம்பி பக்கத்தில் கிடக்கிறார் என்றால், மின்சாரம் நின்றதை உறுதி செய்யாமல் தொடக் கூடாது. வீட்டில் என்றால் மெயினை ஆஃப் செய்யுங்கள். தெருக்கம்பி என்றால் மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும் வரை தள்ளியே நில்லுங்கள். சாலை நடுவே என்றால் வரும் வண்டிகளை ஒருவர் நிறுத்தட்டும்.

அப்புறம் இரண்டு தோளையும் பலமாகத் தட்டி, காதருகே சத்தமாகக் கூப்பிடுங்கள்: "ஐயா! ஐயா! கேக்குதா?" கண் திறக்கவில்லை, முனகவில்லை, அசையவில்லை என்றால் மார்பையும் வயிற்றையும் பாருங்கள். சீராக ஏறி இறங்குகிறதா? இதற்குப் பத்து விநாடிக்கு மேல் செலவிடக் கூடாது. நாடி பார்க்க வேண்டியதில்லை. பழக்கமில்லாதவர் பதற்றத்தில் தன் விரலின் துடிப்பையே அவருடைய நாடி என்று நினைத்துவிடுவார்.

இங்கேதான் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலருக்கு விட்டுவிட்டு மூச்சு இழுக்கும். வாய் திறக்கும், தாடை அசையும், குறட்டை போலவோ விக்கல் போலவோ ஒரு சத்தம் வரும். அப்புறம் பல விநாடிகள் ஒன்றும் இருக்காது. மறுபடி ஒரு இழுப்பு. கூட்டத்தில் யாராவது "மூச்சு இருக்குங்க, மூச்சு இருக்கு" என்பார். அது மூச்சே இல்லை. நுரையீரலுக்குக் காற்று ஒழுங்காகப் போவதில்லை. மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயல் அது. வீட்டில் வயதானவர்களுக்கு இப்படி இழுக்கும்போது வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றும் வழக்கம் நமக்கு உண்டு. நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் எதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குள் போகலாம். தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வேண்டாம்.

சாவிக்கொத்து விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இதயம் நின்றதும் மூளைக்கு ரத்தம் போகாததால் சில விநாடிகள் கை கால் வெட்டி இழுக்கலாம். பார்ப்பதற்கு அப்படியே வலிப்பு போல இருக்கும். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பும் நிற்காது, இதயமும் ஓடாது. இழுப்பு அடங்கியதும் மூச்சைப் பாருங்கள். வலிப்பு வந்தவருக்கு மூச்சு சீராகத் திரும்பிவிடும், இதயம் நின்றவருக்குத் திரும்பாது.

ஆக, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் அழுத்தத் தொடங்கிவிடுங்கள். "ஒருவேளை இதயம் ஓடிக்கொண்டிருந்தால்?" என்ற பயம் வரும். அப்படி இருந்தால் பெரும்பாலும் அவர் முகம் சுளிப்பார், கையைத் தட்டிவிடுவார், நீங்களும் நிறுத்திவிடலாம். அதில் பெரிய கேடு நேர்வது அரிது. நின்ற இதயத்தை அழுத்தாமல் விடுவதால் வரும் கேட்டைத் திருத்தவே முடியாது.

யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது

"யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால், வேறு யாரோ செய்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆளைச் சுட்டிச் சொல்லுங்கள்: "நீலச் சட்டை அண்ணே, நீங்க 108க்குப் போடுங்க, போட்டுட்டு என்கிட்ட சொல்லுங்க. தம்பி, செக்யூரிட்டிகிட்ட ஏ.இ.டி. இருக்கான்னு கேட்டு எடுத்துட்டு ஓடி வா." தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, அழுத்திக்கொண்டே பேசலாம்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 சேவை இருக்கிறது. 112லும் கூப்பிடலாம். இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. தெருப் பெயரோடு நின்றுவிடாமல், பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளி, பெட்ரோல் பங்க் என்று ஓர் அடையாளமும் சொல்லுங்கள். "பேச்சு மூச்சு இல்லை, சிபிஆர் செய்துகொண்டிருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும். அடுக்குமாடி என்றால் லிஃப்டை ஒருவர் தரைத்தளத்தில் பிடித்து வைத்திருக்கட்டும்.

அழுத்துவது

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் 1960இல் இந்த முறையை வெளியிட்டார்கள். நாய்களிடம் டிஃபிப்ரிலேட்டரைச் சோதித்துக்கொண்டிருந்த நிக்கர்பாக்கர், மின்சாரம் பாயும் முன்பே, கனமான மின்முனைகளை மார்பில் வைத்து அழுத்தியதாலேயே ரத்த அழுத்தம் சற்று உயர்வதைக் கவனித்தார். அதுவரை நின்ற இதயத்தை இயக்க மார்பைத் திறந்து கையால் பிசைந்துகொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து அழுத்தினாலே போதும், அதற்கு இரண்டு கைகளைத் தவிர எதுவும் தேவையில்லை என்பதை அந்தக் கட்டுரை நிறுவியது.

சரி, செய்முறைக்கு வருவோம். அவரைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குங்கள். மெத்தையிலோ கயிற்றுக் கட்டிலிலோ வைத்து அழுத்தினால் உங்கள் பலமெல்லாம் மெத்தைக்குத்தான் போகும். மல்லாக்கப் படுக்க வைத்து, அவருடைய மார்பை ஒட்டி முழங்காலிடுங்கள். உங்கள் முழங்கால்கள் அவர் உடம்பைத் தொடும் அளவுக்கு நெருங்க வேண்டும். எட்டி நின்று குனிந்தால் ஒரே நிமிடத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும்.

மார்பின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் தட்டையான எலும்பு கையில் தட்டுப்படும். அதன் கீழ்ப்பாதிதான் இடம். எலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் வயிற்றுக்குழியில் கை போகக் கூடாது. இதயம் இடப்பக்கம் என்று நினைத்து இடது மார்பில் கை வைப்பவர்கள் நிறையப் பேர். நடுவில்தான் வைக்க வேண்டும். உள்ளங்கையில் மணிக்கட்டை ஒட்டிய தடித்த பகுதியை அங்கே பதியுங்கள். இன்னொரு கையை அதன் மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். விரல்கள் விலா எலும்பில் படாமல் சற்று மேலே தூக்கியிருக்கட்டும். முழங்கை மடங்கக் கூடாது. உங்கள் தோள்கள் அவருடைய மார்புக்கு நேர் மேலே வர வேண்டும். அப்போதுதான் உங்கள் உடல் எடை இறங்கும். கைப்பலத்தால் மட்டும் அழுத்தினால் நீடிக்க முடியாது.

ஆழம் 5 சென்டிமீட்டர், 6ஐத் தாண்ட வேண்டாம். இரண்டு அங்குலம் என்பது சொல்லும்போது சின்னதாகத் தெரியும். பயிற்சிப் பொம்மையில் முதன்முதலாக அழுத்திப் பார்ப்பவர்கள் எல்லோரும் "இவ்வளவு பலமாகவா?" என்றுதான் கேட்பார்கள். ஆமாம், இவ்வளவு பலமாகத்தான். வயதானவர் என்றால் விலா எலும்பு மளுக்கென்று முறியும் சத்தம் கேட்கலாம், கைக்குக் கீழே அது தெரியவும் செய்யும். உடம்பு ஒரு கணம் கூசும். கை சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும்.

ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுதாக மேலே எழ விட வேண்டும். கையை எடுக்காமல், எடையை மட்டும் எடுக்க வேண்டும். மார்பு மேலே வரும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிறைகிறது. களைப்பு வந்ததும் பலர் மார்பின் மேலேயே சாய்ந்துவிடுவார்கள். அப்படிச் சாய்ந்தால், அழுத்தித் தள்ள உள்ளே ரத்தம் இருக்காது.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. அதாவது 30 அழுத்தம் 15 முதல் 18 விநாடிக்குள் முடிய வேண்டும். வாய்விட்டு எண்ணுங்கள். தமிழில் எண்ணுபவர்களுக்கு என்னுடைய யோசனை: முப்பது வரை நேராக எண்ணாதீர்கள். பத்து வரை சரசரவென்று போகும். பதினேழு, இருபத்தெட்டு என்று வரும்போது சொல் நீண்டு கையும் மெதுவாகிவிடும். ஒன்றிலிருந்து பத்து வரை மூன்று முறை எண்ணினால் வேகம் மாறாது.

சரியாகச் செய்தாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அந்தக் கொஞ்சமும் நீங்கள் நிறுத்திய உடனே விழுந்துவிடும். அதனால் எதற்காக நிறுத்தினாலும் பத்து விநாடிக்குள் திரும்பிவிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். "எனக்கு இன்னும் தெம்பு இருக்கு" என்று தோன்றினாலும் மாறுங்கள், ஏனென்றால் களைப்பு நமக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். அடுத்தவர் எதிர்ப்பக்கம் முழங்காலிட்டுத் தயாராக இருந்தால் மாறுவதற்கு ஓரிரு விநாடி போதும்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா?

கண்ணெதிரே திடீரென்று விழுந்த பெரியவருக்கு, பயிற்சி இல்லாதவர் ஊத வேண்டியதில்லை. அவருடைய ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு ஆக்ஸிஜன் இருக்கும், அதைச் சுற்ற வைத்தால் போதும். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2017இல் பொதுமக்களுக்காக வெளியிட்ட நெறிமுறையும் அழுத்தத்தை மட்டும்தான் சொல்கிறது. அறிமுகமில்லாதவர் வாயில் ஊதத் தயங்கி ஒன்றுமே செய்யாமல் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கிணற்றிலோ குளத்திலோ மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் கதை வேறு. அவர்களுக்கு மூச்சு முட்டித்தான் இதயம் நின்றிருக்கும், ரத்தத்தில் ஆக்ஸிஜனே இருக்காது. ஊதத் தெரிந்தவர் ஊதியே ஆக வேண்டும். மூழ்கியவருக்கு முதலில் 2 முறை ஊதிவிட்டு அழுத்தத் தொடங்குங்கள். அப்புறம் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறிப் போக வேண்டும். நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்குங்கள். மூக்கைப் பொத்தி, உங்கள் வாயால் அவர் வாயை முழுதாக மூடி, ஒரு விநாடி நேரம் ஊதுங்கள். மார்பு எழும்பினால் போதும். பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். நீரிலிருந்து தூக்கியவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது எல்லாம் வேண்டாம். அதில் உயிர் போகிறது.

ஏ.இ.டி. வந்துவிட்டது

2021 ஜூன் 12ஆம் தேதி, கோபன்ஹேகனில் டென்மார்க்கும் ஃபின்லாந்தும் மோதிய கால்பந்து ஆட்டத்தில், டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் பந்தை வாங்கப் போன இடத்திலேயே சரிந்து விழுந்தார். சக வீரர்கள் சுற்றி நின்று மறைக்க, மருத்துவக் குழு மைதானத்திலேயே சிபிஆர் செய்து ஒரே ஒரு அதிர்ச்சி கொடுத்தது. தூக்குப்படுக்கையில் வெளியே போகும்போது அவருக்கு நினைவு இருந்தது. உடலுக்குள் ஒரு சிறிய டிஃபிப்ரிலேட்டரைப் பொருத்திக்கொண்டு 2022இல் மறுபடி ஆடத் தொடங்கினார். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் வரை காத்திருந்தால் இது நடந்திருக்காது.

நம்மூரில் பெரிய விமான நிலையங்களிலும் சில அலுவலக வளாகங்களிலும் ஏ.இ.டி. இருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்குகளின் கீழ்த்தள லிஃப்ட் அருகே சுவரில் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். இதயமும் மின்னல் குறியும் சேர்ந்த படம்தான் அடையாளம். வேலை செய்யும் இடத்தில் அது எங்கே மாட்டியிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துவிடுங்கள்.

இந்தக் கருவியைத் தவறாகப் பயன்படுத்தி ஒருவரைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. கருவி தானாகவே இதயத்தின் மின்னோட்டத்தைப் படித்துப் பார்த்து, அதிர்ச்சி தேவை என்றால் மட்டுமே கொடுக்கும். தேவையில்லாதவருக்கு நீங்கள் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் அது கொடுக்காது.

பெட்டி வந்ததும் முதலில் ஆன் செய்யுங்கள். சிலவற்றில் மூடியைத் திறந்தாலே ஆனாகிவிடும். உடனே அது பேசத் தொடங்கும், அது சொல்வதைக் கேட்டுச் செய்தால் போதும். ஒருவர் கருவியைக் கவனிக்கும்போது இன்னொருவர் அழுத்துவதை நிறுத்தக் கூடாது. மார்பு முழுதாக வெளியே தெரிய வேண்டும். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. பெட்டிக்குள் பெரும்பாலும் கத்தரிக்கோல் இருக்கும், வெட்டிவிடுங்கள்.

பேட் எனப்படும் இரண்டு ஒட்டுப்பட்டைகள் உறைக்குள் இருக்கும். எதை எங்கே ஒட்ட வேண்டும் என்று அவற்றின் மேலேயே படம் போட்டிருக்கும். ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே. இன்னொன்று இடப்பக்கம், அக்குளுக்குக் கீழே விலாப்புறத்தில். இரண்டுக்கும் நடுவே இதயம் அகப்படும்படி இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பேடைத்தான் பலர் மார்பின் முன்பக்கமாக ஒட்டிவிடுகிறார்கள். அதை நன்றாகப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள்.

பேட் தோலில் முழுதாக ஒட்டினால்தான் மின்சாரம் சரியாகப் பாயும். நெஞ்சு வலி என்று யாராவது ஏற்கெனவே தைலம் தேய்த்துவிட்டிருப்பார்கள், வியர்வை வழிந்துகொண்டிருக்கும், விபூதியும் சந்தனமும் பூசியிருக்கும். எல்லாவற்றையும் துண்டால் அழுத்தித் துடையுங்கள். நிறைய முடி இருந்து பேட் எழும்பி நின்றால், பெட்டியில் உள்ள ரேசரால் அந்த இடத்தை மட்டும் மழித்துவிடுங்கள். மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் உரித்துவிட வேண்டும். தோலுக்குக் கீழே பேஸ்மேக்கர் மேடாகத் தெரிந்தால் அதன் மேல் ஒட்டாமல் சற்று விலக்கி ஒட்டுங்கள். தாலிக்கொடியையோ சங்கிலியையோ கழற்ற வேண்டியதில்லை, பேட் அதன் மேல் வராதபடி ஒதுக்கினால் போதும். மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் கிடந்தால் முதலில் உலர்ந்த இடத்துக்கு இழுத்துவிட்டு மார்பைத் துடையுங்கள்.

கருவி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசும். முக்கியமான மூன்று வாக்கியங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். "அனலைசிங்" என்றால் இதயத்தைப் படிக்கிறது, யாரும் தொடக் கூடாது. "ஷாக் அட்வைஸ்டு" என்றால் அதிர்ச்சி தேவை. அப்போது நீங்கள் கையை விரித்து "எல்லாரும் தள்ளுங்க, யாரும் தொடாதீங்க" என்று உரக்கச் சொல்லி, தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, மின்னும் பொத்தானை அமுக்க வேண்டும். அழுதுகொண்டு காலைப் பிடித்திருக்கும் மகளைக் கவனிக்கத் தவறிவிடாதீர்கள். உடம்பு ஒருமுறை துள்ளி அடங்கும். உடனே, ஒரு விநாடிகூடக் காத்திருக்காமல், மறுபடி அழுத்தத் தொடங்குங்கள். அதிர்ச்சிக்குப் பிறகு தாளம் திரும்பினாலும் இதயத்துக்குப் பம்ப் செய்யும் தெம்பு வரக் கொஞ்ச நேரமாகும். இரண்டு நிமிடம் கழித்துக் கருவி தானாகவே திரும்பப் படித்துப் பார்க்கும்.

மூன்றாவது, "நோ ஷாக் அட்வைஸ்டு". இதைக் கேட்டதும் "அப்பாடா, ஒன்றுமில்லை" என்று கையை எடுத்துவிடுகிறார்கள். இதன் பொருள், அதிர்ச்சியால் சரியாகும் வகைத் துடிப்பு இப்போது இல்லை என்பது மட்டுமே. இதயம் முற்றிலும் அசைவற்றுப் போயிருந்தாலும் கருவி இதையேதான் சொல்லும். சினிமாவில் திரையில் நேர்கோடு ஓடும்போது மருத்துவர் அதிர்ச்சி கொடுத்து எழுப்புவார். நிஜத்தில் நேர்கோட்டுக்கு அதிர்ச்சி கொடுப்பதில்லை. அவர் அசையவில்லை, மூச்சு விடவில்லை என்றால் அழுத்துவதுதான் ஒரே வழி.

பெண், கர்ப்பிணி, குழந்தை

பொது இடத்தில் விழும் பெண்களுக்கு சிபிஆர் கிடைப்பது ஆண்களைவிடக் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் எல்லோருக்கும் தெரியும்: தொடத் தயக்கம். கை வைக்கும் இடம் மார்பின் நடு எலும்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அழுத்துவதற்குச் சேலையையோ ரவிக்கையையோ அகற்ற வேண்டியதும் இல்லை. பேட் ஒட்டும்போது மட்டும் துணியை விலக்க வேண்டும். சுற்றி நிற்பவர்களை வெளிப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு துப்பட்டாவையோ சேலையையோ திரையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பேட் ஒட்டியதும் மேலே ஒரு துணியைப் போர்த்திவிடலாம்.

கர்ப்பிணிக்கும் அதே அழுத்தம்தான், ஏ.இ.டி.யும் போடலாம். தாயின் இதயம் ஓடினால்தான் குழந்தை பிழைக்கும். வயிறு நன்றாகத் தெரியும் மாதம் என்றால், இன்னொருவர் இரண்டு கையாலும் வயிற்றை அவருடைய இடப்பக்கமாகத் தள்ளிப் பிடித்திருக்கட்டும். மல்லாக்கக் கிடக்கும்போது கருப்பை பெரிய ரத்தக் குழாய்களை நசுக்காமல் இருக்க இது உதவும்.

குழந்தைகளுக்கு மார்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்: கைக்குழந்தைக்கு 4 சென்டிமீட்டர், கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு 5. சிறு பிள்ளைக்கு ஒரு கை போதும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் அழுத்துங்கள். ஊதும்போது அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் அடக்கிய காற்றளவு மெல்ல ஊதினால் போதும். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏ.இ.டி.யில் குழந்தைகளுக்கான பேடோ ஒரு சுவிட்சோ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பெரியவர்கள் பேடையே ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலுமாக ஒட்டுங்கள். இரண்டு பேடும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

எப்போது நிறுத்தலாம்

அவர் அசைந்தாலோ, கண் திறந்தாலோ, இயல்பாக மூச்சு விடத் தொடங்கினாலோ நிறுத்தலாம். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பேடை உரிக்காதீர்கள், கருவியையும் அணைக்காதீர்கள், மறுபடி நிற்கக்கூடும். 108 பணியாளர்கள் வந்து "நாங்க பாத்துக்கறோம்" என்று கை வைத்த பிறகும் நிறுத்தலாம். வண்டிச் சத்தம் கேட்டதுமே பலர் எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் முழங்காலிடும் வரை அழுத்துங்கள். உங்கள் உடம்பு ஒத்துழைக்காமல், மாற்ற ஆளும் இல்லாமல் போனால் நிறுத்த வேண்டித்தான் வரும். அது குற்றமில்லை.

வந்தவர்களிடம் நாலு தகவல் சொன்னால் போதும்: எத்தனை மணிக்கு விழுந்தார், விழுந்ததை யாராவது பார்த்தார்களா, எத்தனை மணிக்கு அழுத்தத் தொடங்கினீர்கள், எத்தனை அதிர்ச்சி கொடுத்தீர்கள். போலீஸ், கேஸ் என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று: சாலை விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. பெயர், முகவரியைச் சொல்லும்படி அவரை வற்புறுத்த முடியாது.

படித்தால் மட்டும் போதாது

5 சென்டிமீட்டர் என்பது கைக்குத் தெரிய வேண்டும், அதைப் பொம்மையில்தான் பழக முடியும். செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், பல மருத்துவமனைகள் எல்லாம் பயிற்சி தருகின்றன. உங்கள் குடியிருப்போர் சங்கமோ கல்லூரியோ அழைத்தால் வந்து சொல்லித்தருவார்கள். ஒருமுறை கற்றது சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும் என்பதால், வருடத்துக்கு ஒருமுறையாவது கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் சார்பில் ஏ.இ.டி. வாங்கப் போகிறீர்கள் என்றால், அதைச் செயலாளர் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். காவலர் இருக்கும் தரைத்தளத்தில், பூட்டில்லாத பெட்டியில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். இரவுக் காவலருக்கும் பயிற்சி கொடுங்கள். கருவியின் முகப்பில் நிலையைக் காட்டும் சிறு விளக்கோ குறியோ இருக்கும். அது பச்சையாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்து வைக்க ஒருவரை நியமியுங்கள். பேடுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. பேடின் ஜெல் காய்ந்துவிட்டால் தோலில் ஒட்டாது. ஒருமுறை ஒட்டிய பேடைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது, அதனால் உபரியாக ஒரு ஜோடி பெட்டியிலேயே இருக்கட்டும். பயன்படுத்திய பிறகு கருவியைத் துடைத்து அப்படியே மாட்டிவிடாமல், விற்ற நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு அந்த இதயம் எப்படித் துடித்தது என்ற பதிவு உள்ளே இருக்கும். அதை எடுத்து, சிகிச்சை கொடுக்கும் இதய மருத்துவரிடம் சேர்த்துவிட வேண்டும்.